ராத்தா தராத பாவட்டை

ராத்தா,

பின்வளவு வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் பெட்டை இன்று காலை என்னிடம் பாவட்டை இலை கேட்டு வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிப் போர்த்திருந்தாள். கச்சான் காற்று அடுப்புக்குள் இருந்து வருவதுபோல வீசுகிற இந்த ஆனி மாதத்தில் எந்தப் பைத்தியம் கழுத்தைப் போர்த்திக்கொண்டு திரியும்?

"ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு, மாமி. மூதூரில."

"போன மாதமும் அக்காவுக்கு எண்டுதானே வாங்கிக்கொண்டு போனனீ? மாதத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிறாளோ உன்ர அக்கா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். நான் எட்டி அந்தத் தலைப்பை இழுத்தேன். பிடரியிலிருந்து தோள்வரை ஒரு விரல் தடிப்பில் கன்றிச் சிவந்து கிடந்தது. நேற்றைய அடி. நேற்றைய அடிக்கும் முந்தாநாள் அடிக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். என் முதுகை நாள் தவறாமல் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே.

இந்தத் திருகோணமலையில் ஒருத்தி பாவட்டைக் கொத்தோடு தெருவால் போனால் அவளிடம் கேட்க ஒரு கேள்விதான் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பாவட்டையும் நொச்சியும் வேப்பிலையும் போட்டு அவித்த தண்ணீரை வார்ப்பது தமிழர் எங்களுக்கும் முஸ்லிம் உங்களுக்கும் ஒரே வழக்கம். அதனால் அந்த மணம் வந்தால் எல்லோருக்கும் பச்சைப் பிள்ளையின் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் தார்க்கயிறு ஞாபகம் வரும். இன்று அவளுடைய கழுத்தைப் பார்த்த உடனேயே, இலை ஒன்றும் கிள்ளாமலே, அந்த மணம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அதுதான் கடுதாசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் வாசித்தவர் இல்லையே! நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கூரை வரிசை வீட்டுக்கு நான் கலியாணம் முடித்து வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. கந்தளாயில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரே அண்ணன் பார்த்துச் செய்து வைத்த கலியாணம். என்னைக் கட்டினவன் டொக்யாட்டில் கப்பல் அடியில் துருத் தட்டுகிற வேலை செய்தான். பிறகு வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், அவனுக்கும் வேலை போனது. வேலை போனதால்தான் கெட்டுப்போனான் என்று அந்தத் தெருவில் சிலர் சொன்னார்கள். பச்சைப் பொய். வேலை இருந்தபோதும் அடித்தவன்தான். வேலை போன பிறகு அடிக்க நேரம் கூடியது, அவ்வளவுதான்.

கப்பலில் இருந்து ஒரு முழம் தார்க்கயிறு கொண்டு வந்திருந்தான். நுனியில் முடிச்சுப் போட்டு, குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தான். கறி உறைத்தால் கயிறு, உறைக்காவிட்டால் கயிறு. ஒருநாள் மழை பெய்ததற்கும் அடித்தான். கொடியில் கிடந்த அவன் சேட்டு நனைந்துவிட்டதாம்.

நீங்கள் ஓலை வேலிக்கு அந்தப் பக்கம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். உங்கள் புருசன், நான் நானா என்று கூப்பிடுகிறவர், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வள்ளத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் பொழுதுபடத்தான் வருவார். பிள்ளைப்பேற்று வீடுகளில் தண்ணீர் வார்க்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் நான் வேலியோரம் சுருண்டு கிடந்ததை ஓலை இடுக்கால் பார்த்துவிட்டு, ஓலையைப் பிரித்துக்கொண்டு வந்தீர்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"இண்டைக்குச் சூடு கூடாது புள்ள. இண்டைக்குப் பச்சத் தண்ணிச் சீல. நாளைக்குத்தான் கிழி," என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் மலையடிப் பற்றைக்காட்டில் இருந்து ஒரு கொத்து வெட்டிக்கொண்டு வந்தீர்கள். கோடையில் அந்தக் காடு முழுக்கக் கருகிக் கிடக்கும். பாவட்டை மட்டும் எண்ணெய் தடவியதுபோலப் பச்சையாக நிற்கும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினீர்கள். உள்ளே குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள். "இந்தப் புள்ளி இரிந்தாத்தான் பாவட்ட. இல்லாட்டி வேறென்னமோ," என்றீர்கள். இலையைக் கிழித்துச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வதக்கி, ஒரு பிடி தவிடும் உப்பும் போட்டுச் சீலையில் கட்டி, உங்கள் கன்னத்தில் முதலில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் முதுகில் ஒற்றினீர்கள். எனக்கு விளங்காத ஒன்று, என் முதுகில் ஒற்றும்போது நீங்கள் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர்கள் என்பது. எனக்கல்லவா நோவு?

அந்த மரத்தில் நீங்கள் வீணாக்கிய பாகம் ஒன்றும் இல்லை. வேரை இடித்து அவித்து, வயிறு இறுகினவனுக்குக் கொடுப்பீர்கள். அந்தத் தெருக்கோடிச் சாமான்கடைக்காரர் அதைக் குடித்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் கடை திறக்க முடியாமல் போனது ஊர் சிரித்த கதை. மூல நோவுக்கு இலை அவித்த தண்ணீரில் குந்தச் சொல்வீர்கள். கால் வீங்கினால், இடுப்புப் பிடித்தால், கட்டி பழுக்காமல் நின்றால், எல்லாவற்றுக்கும் அந்தக் கிழிதான். ஆனால் என்னைப்போல மாதம் தவறாமல் கிழி வாங்கியவள் அந்தத் தெருவில் வேறு இல்லை. நீங்கள் கொத்தோடு வரும்போதெல்லாம் பெண்கள் "ஆருக்குப் பிள்ளை?" என்பார்கள். நீங்களும் ஒவ்வொரு முறையும் கிண்ணியாவில் ஒரு பிள்ளையைப் பெற வைப்பீர்கள்.

உங்கள் கைக்கு அப்படி ஒரு திறம். ஏழாம் நாள் பார்த்தால் என் முதுகு கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி இருக்கும். நானும் பைத்தியக்காரி, அதைத்தான் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். "என்னைக் கொல்லப் போறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று எழுதி, நானாவின் கையில் கொடுத்துத் தபாலில் போடச் செய்தேன். அறுவடை நேரம். அண்ணன் எட்டாம் நாள்தான் வந்தார், தன் பெண்சாதி, என் மச்சாளையும் கூட்டிக்கொண்டு. அவன் என்ன செய்தான் தெரியுமா? தெரியும், வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஓடிப்போய்ப் பாரை மீன் வாங்கி வந்தான். அண்ணனைக் கதிரையில் இருத்தித் தான் நிலத்தில் இருந்தான். "மச்சான், மச்சான்" என்று வாயில் தேன் ஒழுகியது.

"எங்க அடி? மச்சாளுக்குக் காட்டு," என்றார் அண்ணன்.

மச்சாள் என்னை அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்து, "ஒண்டும் இல்லையப்பா," என்றாள். அவளில் பிழை இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. நீங்கள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லையே, ராத்தா!

"புருசனைப் பற்றிப் பொய்க் கடுதாசி எழுதிற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை," என்றார் அண்ணன். நான் காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார். மீன்குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான் அவன். கதவைப் பூட்டினான். "எந்தக் கையால எழுதினனீ?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்து, வலது கையை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் குத்தினான். இதை எழுதும்போது என் சுட்டுவிரல் பேனாவில் படாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது அன்றைக்கு நிமிர்ந்தது, இன்றுவரை மடங்கவில்லை.

எலும்புக்குப் பாவட்டை உதவாது என்று சொல்லி ஈர்க்கில் வைத்துக் கட்டினீர்கள். பிறகு தோளுக்குக் கிழி ஒற்றத் தொடங்கினீர்கள். பாதியில் கை நின்றுவிட்டது. சட்டிக்குள் கிழியைப் போட்டுவிட்டீர்கள்.

"ஒன்ட அண்ணன ஏமாத்தினது அவன் இல்ல புள்ள," என்றீர்கள். "நான். நான் வெச்ச கிழிதான் ஒன்னப் பொய்காரியாக்கிப் போட்டுது."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்குத் தோள் கொதித்தது. "ஒத்துங்கோ ராத்தா, ஒத்துங்கோ," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வயிற்றில் பிள்ளை தங்கியது. கொஞ்சக் காலம் கயிறு ஆணியில் கிடந்தது. பிள்ளைக்காகத் திருந்திவிட்டான் என்று உங்களிடம் வந்து பீற்றிக்கொண்டேன். நீங்கள் "ம்" என்றீர்கள். அந்த "ம்"முக்கு உங்களோடு ஒரு கிழமை கோபித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் மாதம், சோற்றில் ஒரு கல் கடிபட்டது. ஒரேயொரு கல். சோற்றுக் கோப்பையை என் முகத்தில் எறிந்தான். எழும்பியவன் முதலில் உதைத்தது வயிற்றில். நான் அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துக் குப்புற விழுந்து முதுகைக் கொடுத்தேன். வயிற்றைக் கொடுக்கவில்லை. கயிறு எத்தனை தரம் வந்தது என்று தெரியாது. ஒரு அளவுக்குமேல் நோவு தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது, யாரோ பக்கத்து வீட்டில் பாய் தட்டுவதுபோல.

அவன் காலையில் கூலிவேலை தேடித் துறைமுகத்துக்குப் போன பிறகு வேலிவரைக்கும் தவழ்ந்து வந்தேன். நீங்கள் வந்தீர்கள். முதுகைப் பார்க்க முந்தி வயிற்றில் உள்ளங்கையை வைத்தீர்கள். வைத்த கையை எடுக்கவேயில்லை. நான் ஏதோ பிதற்ற, "வாயப் பொத்து," என்று அதட்டினீர்கள். கடைசியில் உள்ளே ஒரு அசைவு வந்தது. உங்கள் முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியாது.

"இரிக்கு," என்றீர்கள். எழும்பி நின்றீர்கள். "புள்ள, நான் இந்த முற இல வெக்க மாட்டன்."

எனக்கு விளங்கவில்லை. "இலை இல்லையோ ராத்தா?"

"வெட்டி வெச்சிரிக்கன். ஆனா வெக்க மாட்டன். இத ஆற விடமாட்டன்."

பச்சைத் தண்ணீர்ச் சீலைகூடப் போடவில்லை. திரும்பி நடந்தீர்கள். நான் உங்கள் பின்னால் கத்தினேன். என்ன கத்தினேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்காது. "நீங்களும் ஒரு பொம்பிளையோ? உங்கட கை அழுகிப் போக!" என்றேன். நீங்கள் பிரித்த ஓலையை இழுத்துக் கட்டி, முடிச்சும் போட்டுவிட்டு உள்ளே போனீர்கள். நான் திரும்பத் தவழ்ந்து குசினிக்குள் போய், அன்றைக்குப் பகலும் மறுநாள் காலையும் அந்த நிலத்திலேயே கிடந்தேன். அவன் அடித்தது ஒரு நோவு, நீங்கள் விட்டுவிட்டுப் போனது அதைவிடப் பெரிய நோவு. அவனை நான் அவ்வளவு திட்டவில்லை. உங்களைத்தான் உங்கள் ஏழு தலைமுறைக்கும் இழுத்துத் திட்டினேன்.

அந்த மத்தியானம், தெருவிலிருந்து திரும்புகிற ஒழுங்கை முனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"என்ர பொன்னே, என்ர மணியே, எங்களை விட்டிட்டுப் போட்டியே!" மச்சாளின் குரல். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். கந்தளாயில் இருந்து நெல் லொறியில் ஏறி வந்திருக்கிறார்கள். என் செத்தவீட்டு ஒப்பாரியை நானே படுத்திருந்து கேட்டேன், ராத்தா. இந்தக் கொடுப்பினை யாருக்கு வாய்க்கும்? அடக்கமானவள், பொறுமைசாலி, பொய் பேசத் தெரியாதவள் என்றெல்லாம் மச்சாள் சொல்லி அழுதாள். ஐந்து மாதத்துக்கு முந்தி அதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

அண்ணன் முதலில் உள்ளே வந்தார். கக்கத்தில் கடுதாசியில் சுற்றிய புதுச் சேலை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடி. என்னைக் கண்டதும் பேயைக் கண்டதுபோல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நீங்கள் வேலி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தீர்கள். முக்காட்டை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, முன்பின் பழகாத ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்றீர்கள்.

"மௌத்து எண்டு தந்தி அடிச்சது நான்தான் தம்பி," என்றீர்கள். "போன முற உசிரோட இரிக்காள் எண்டு வந்தீங்க, நம்பல்ல. இந்த முற மௌத்து எண்டதும் ஓடி வந்திரிக்கீங்க. நல்லாப் பாருங்க. ஒரு இலையும் வெக்காம அப்படியே வெச்சிரிக்கன்."

மச்சாள் என் சட்டையைத் தூக்கினாள். ஒழுங்கையால் வரும்போது அழுத அழுகை வேறு, அப்போது அவள் வாயிலிருந்து வந்த சத்தம் வேறு.

அந்தச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, ஒழுங்கையால் அவன் ஓடி வந்தான். யாரோ துறைமுகத்தில் போய், உன் வீட்டில் செத்தவீடு என்று சொல்லியிருக்கிறார்கள். வேலிப் படலையில் நின்று, அழுகிற பெண்களைப் பார்த்தான், அண்ணனின் கக்கத்தில் கோடியைப் பார்த்தான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"ஐயோ மச்சான், நான் சாகிற மாதிரி அடிக்கேல்லை! முதுகிலதான் அடிச்சனான்! வயித்தில ஒரேயொரு உதைதான்!"

அண்ணன் கோடியை மச்சாளிடம் கொடுத்தார். ஆணியில் கிடந்த கயிற்றை எடுத்தார். பிறகு நடந்ததை நான் கண் மூடாமல் பார்த்தேன். சேட்டு முதுகோடு ஒட்டும்வரை அடித்தார். அவன் படலையைப் பிடித்தான், படலை கையோடு வந்தது. நிலத்தில் உருண்டான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், காப்பாற்றட்டுமாம். எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். அறுவடைக் கைகள் அல்லவா, நிற்கவேயில்லை. கடைசியில் நீங்கள்தான் கயிற்றைப் பிடித்தீர்கள்.

"போதும் தம்பி. இதுக்குமேல அடிச்சா என்ட இலையால ஏலாது."

அந்தப் பேச்சு அப்போது யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கே லொறியில் கந்தளாய் போனேன். உடுத்தியிருந்தது கிழிந்து முதுகில் ஒட்டிக் கிடந்ததால், செத்தவளுக்கென்று வாங்கிய கோடிச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கோபம் அப்போதும் தீரவில்லை.

மாதங்கள் கழித்து, மகள் பிறந்த மூன்றாம் நாள், நீங்கள் பஸ்ஸில் கந்தளாய்க்கு வந்து இறங்கினீர்கள், தலையில் ஒரு சாக்குப் பாவட்டையோடு. வந்து இருந்து மூச்சு வாங்கிவிட்டு முதலில் சொன்னது, "ஒன்ட மாப்பிள்ளைக்கு ஒரு கிழம கிழி வெச்சன் புள்ள," என்பதுதான்.

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "எனக்குத் தராத இலையை அவனுக்கு வைச்சனீங்களோ?" என்று படுக்கையில் இருந்து எழும்பிவிட்டேன்.

"கேளு முதல்ல! மொத நாள் பச்சத் தண்ணி, ரெண்டாம் நாள் சூடு. ஒண்டும் கொறைக்கல்ல. இந்த முதுகோட நடந்தா நரம்பு பிசகும், படுத்துக் கிட எண்டன். படுத்தான். ராத்தா, நீங்க தாய் மாதிரி எண்டு கும்பிட்டான். எட்டாம் நாள் எழும்பிப் பொலிசுக்குப் போனான், ஒன்ட அண்ணன் அடிச்சவர் எண்டு எழுத. சேட்டக் கழட்டு எண்டிரிக்காங்க. கழட்டினான்." நீங்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "எங்க அடி எண்டு கேட்டாங்களாம்! எங்க அடி!"

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை அவரும் ஒருநாள் கேட்டவர். அவர் சிரிக்கவில்லை, வயலுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் நீங்கள் தண்ணீர் கொதிக்க வைத்தீர்கள். ஆவி மூக்கில் பட்டதும் எனக்கு முதுகு சுருங்கியது. கத்திக்கொண்டு செம்பைத் தட்டிவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. திரும்ப அள்ளினீர்கள். "இந்த மணம் அவன்ட இல்ல புள்ள. அவன் வர முந்தியே இது காட்டில இரிந்தது," என்று சொல்லிச் சொல்லி வார்த்தீர்கள். பதினொரு நாள் நின்று வார்த்தீர்கள். முழுக்க மாறவில்லை, ராத்தா. பாதி மாறியது.

அவன் புல்மோட்டை மணல் வேலைக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு இருந்து செத்துப்போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த மற்றவளைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். அவளுக்கு யார் இலை வெட்டினார்கள்? யார் மறுத்தார்கள்?

மகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நாங்கள் திருகோணமலைக்கே திரும்பி வந்தபோது, நீங்கள் கன்றாகப் பிடுங்கித் தந்த பாவட்டைதான் என் பின்வேலியில் நிற்கிறது. போன மார்கழி மழையில் உங்கள் கால்கள் வீங்கிக் கிடந்தன. இந்த முறை நான் கிழி கட்டினேன், என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தேன். அப்போதுதான் இருபத்து மூன்று வருடமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"கை அழுகிப்போக எண்டு சொன்னனான், ராத்தா. மறந்திட்டீங்களோ?"

"எப்பிடி மறக்கிற? அந்த ஒண்டர நாளும் நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் குந்தியிரிந்தன். ஒன்ட முனகல் நிண்டிச்செண்டா ஓடி வருவம் எண்டு. அடுப்பில கிழி சூடாவே இரிந்தது. ஆற ஆறச் சுட வெச்சன். மூணு தரம் கையில எடுத்தன். மூணு தரமும் திரும்ப வெச்சன்." என் கையிலிருந்த கிழியைத் தொட்டுப் பார்த்தீர்கள். "சோறு எறங்கல்ல புள்ள, அந்த ஒண்டர நாளும்."

நானா முன்பு ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருக்கிறவளைச் செத்ததாகத் தந்தி அடிக்க அவர் பயந்தாராம், அல்லாஹ் கேட்பானே என்று. "என்னட்டக் கேக்கட்டும். நான் பதில் செல்லிக்கிறன்," என்றீர்களாம்.

இன்று காலை அந்தப் பெட்டையை உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். தகப்பன் மூதூரில் இருக்கிறார். போன மாதம் இவள் சொல்லி அனுப்பி, ஒரு கிழமை கழித்து வந்து பார்த்தாராம். ஒரு அடையாளமும் இல்லையாம். புருசனோடு ஒழுங்காக இரு என்று புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். எப்படி அடையாளம் இருக்கும்? நான் அல்லவா கை நிறைய இலை கிள்ளிக் கொடுத்தேன், ஆருக்குப் பிள்ளை என்று இளித்துக்கொண்டு! உங்களிடமிருந்து எல்லாவற்றையும் கற்றவள், உங்கள் பிழையையும் விடாமல் செய்திருக்கிறேன்.

"இலை தர மாட்டன்," என்றேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். பிறகு எழும்பி, "நீங்கள் எல்லாம் நல்லா இருப்பியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என் வாயைவிட அவள் வாய் பரவாயில்லை.

மகளைக் கூப்பிட்டேன். பிறக்க முந்தியே உதை வாங்கியவள். தந்தி அடிக்கச் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். அந்தப் பெட்டையின் தகப்பனின் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தேன்.

"என்ன எழுதட்டும் அம்மா?"

"மகள் செத்துப்போனாள், உடனே வா எண்டு எழுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் இருந்து இந்தக் கதையை நூறு தரம் கேட்டவள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தக் கேள்வியை அல்லாஹ் உங்களிடம் இதற்குள் கேட்டிருப்பான். என்ன பதில் சொன்னீர்கள், ராத்தா? என்னிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள், நானும் உங்கள் பதிலையே சொல்லிவிடுகிறேன்.

இப்போது மத்தியானம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது கேட்கிறது. கிழி அடுப்பில் இருக்கிறது. இதோடு இரண்டு தரம் கையில் எடுத்துவிட்டேன்.